ஒரே ஒரு வார்த்தைய வச்சு 399 ரூபா டிக்‌ஷனரி ஆப்பை டெஸ்ட் பண்ண கதை

மொதல்லயே சொல்லிடறேன், ஆப் பேரை இங்க போட மாட்டேன். போன வருஷம் ஒரு பிரிண்டரைப் பத்தி பேரோட எழுதி, அதுக்கு வந்த போன் கால்ல பேசினது இன்னும் காதுலயே இருக்கு. இது இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரி, வருஷ சந்தா 399 ரூபா. விளம்பரம் வராது, நெட் இல்லன்னாலும் வேல செய்யும், வாயால சொன்னா தேடித் தரும், முழு வாக்கியத்தயும் மாத்திக் குடுக்கும்னு எல்லாம் போட்டுருந்தான், ஏழு நாள் ஃப்ரீ, அதுல ஆறாவது நாள் மறந்து போயி ஏழாவது நாள் காசு போயிடுச்சு, சரி கட்டுனதுதான் கட்டியாச்சு ஒழுங்கா யூஸ் பண்ணிப் பாப்போம்னு எட்டு மாசமா வச்சிருக்கேன்.

எனக்கு எதுக்கு டிக்‌ஷனரின்னா, நாமக்கல்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிங், கூடவே மொழிபெயர்ப்பு. இது லாரி ஊருன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால எங்க பீரோவுல பாதி கட்டு எம்.சி.ஓ.பி. கட்டுதான், அதாவது விபத்து நஷ்ட ஈடு கேஸ். அதை நாங்க ரெண்டே ரெண்டாதான் பிரிப்போம், ஒண்ணு இஞ்சுரி, அதாவது காயம், இன்னொண்ணு ஃபேட்டல், அதாவது ஆள் செத்துப்போன கேஸ். குமாஸ்தாண்ணன் காலைல டீ கிளாஸோட உள்ள வந்து "தம்பி, புதுசா ஒரு ஃபேட்டல் வந்துருக்கு, கட்டு போடு"ம்பாரு. மொத மாசம் கேக்கும்போது வயித்தக் கலக்கும், இப்ப பழகிடுச்சு, பழகிப் போச்சேன்னும் சில நாள் தோணும். எப்படியோ, ஒரு நாளைக்கு பத்து தடவ கண்ணுல படற வார்த்தை அது. எந்த டிக்‌ஷனரி வாங்குனாலும் மொதல்ல நான் தேடறதும் அதத்தான்.

மைக் பட்டனை அமுக்கி "ஃபேட்டல்"னு சொன்னேன். அதுக்கு பெட்டல்னு கேட்டுருக்கு, வந்த அர்த்தம்: பூவிதழ். மறுபடியும் கொஞ்சம் அழுத்தி சொன்னேன், மெட்டல்னு எடுத்துகிட்டு உலோகம். மூணாவது தடவ ஆபீஸே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துனேன், அப்பத்தான் வந்துச்சு. தப்பு முழுசா ஆப்போடதுன்னும் சொல்ல முடியாது, நாம கடைசில "டல்"னு நல்லா நிறுத்தி சொல்றோம், அவங்க அந்த கடைசி உயிரெழுத்த முழுங்கிட்டு "ஃபெய்ட்ல்"னு முடிச்சிடறாங்க. ஆடியோ பட்டன்ல ஒரு லேடி வாய்ஸ் அதை ரொம்பத் தெளிவா சொல்லுது, அதுக்கு ஒரு ஸ்டார் தாராளமா குடுக்கலாம்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். வரிசையா நாலு போட்டுருந்தான். கொடிய, அழிவுதரும், விதிவசமான, நாலாவதா மரணத்தை விளைவிக்கக்கூடிய. நமக்கு வேண்டியது நாலாவது, அது கடைசில கெடக்குது, அதுலயும் ஒரு கோளாறு இருக்கு. "விளைவிக்கக்கூடிய"ன்னா என்னங்க? விளைவிக்கலாம், விளைவிக்காமயும் போகலாம்னுதான? ஆனா ஃபேட்டல் ஆக்சிடென்ட்னு எழுதுனா அங்க ஆள் செத்தாச்சு. நடந்து முடிஞ்சுது. "கூடிய"ங்கற பேச்சுக்கே எடமில்ல. லாரி மோதி ஒருத்தர் ஐசியூல கெடந்தா அது எவ்ளோ பயங்கரமான விபத்தா இருந்தாலும் இஞ்சுரிதான், ஸ்டேஷன்ல பி.என்.எஸ்.ங்கற புது குற்றச் சட்டத்துல 281, 125னு எஃப்.ஐ.ஆர் போட்டுருப்பாங்க. அவரு பத்து நாள் கழிச்சு தவறிட்டா, கவனக்குறைவால மரணம்ங்கற 106(1)க்கு மாத்தி, பிரிவு மாத்துனதச் சொல்ற ஆல்டரேஷன் ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போகும், பழைய ஐ.பி.சி. கணக்குல சொன்னா 304ஏ. அன்னைக்குத்தான் எங்க கட்டு மேல எழுதியிருக்கற இஞ்சுரிய அடிச்சிட்டு ஃபேட்டல்னு எழுதுவோம். விபத்து அதேதான், லாரி அதேதான், வார்த்தை மட்டும் மாறிடுச்சு, ஏன்னா அந்த வார்த்தை விபத்து எப்படி இருந்துச்சுன்னு சொல்ற வார்த்தை இல்ல, முடிவு என்னாச்சுன்னு சொல்ற வார்த்தை. மருந்து டப்பாவுல "சாப்பிட்டா ஃபேட்டல் ஆகலாம்"னு இங்கிலீஷ்ல எழுதுறான்ல, அங்க இருக்கற "லாம்" "மே"ங்கற தனி வார்த்தைலேர்ந்து வருது, ஃபேட்டல்லேர்ந்து இல்ல.

அந்த "கூடிய" யாருக்கு சொந்தம்னா லீத்தலுக்கு. லீத்தல் வெப்பன்னா அந்த ஆயுதம் இதுவரைக்கும் யாரயும் கொல்லலன்னாலும் லீத்தல்தான், உறைக்குள்ள இருந்தாலும் லீத்தல்தான். ஆப் என்ன பண்ணியிருக்கான்னா லீத்தலுக்கும் ஃபேட்டலுக்கும் அதே நாலு அர்த்தத்த வரிசை மாத்தி காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்கான். இத மட்டும் சரி பண்ணியிருந்தா நான் இவ்ளோ நீளமா எழுதியிருக்கவே மாட்டேன்.

லீத்தலுக்கு உதாரண வாக்கியம் மட்டும் நல்லா குடுத்துருந்தான், பூச்சிமருந்தோட லீத்தல் டோஸ் பத்தி. எங்கப்பா காட்டுக்கு மருந்து வாங்கிட்டு வந்தா டப்பாவுல ஒரு முக்கோணம் இருக்கும் பாத்துருப்பீங்க, செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு. அது சும்மா டிசைன் இல்ல. எல்.டி. 50னு ஒரு கணக்கு, சோதனைல நூறு எலிக்கு குடுத்தா அம்பது சாகற அளவு, ஒரு கிலோ எடைக்கு இத்தன மில்லிகிராம்னு சொல்வாங்க. வாய் வழியா போனா 50 மில்லிகிராமுக்குள்ளயே அந்த அளவு வந்துட்டா செவப்பு முக்கோணம், மண்டை ஓடு படத்தோட. 51லேர்ந்து 500 வரைக்கும் மஞ்சள், 5000 வரைக்கும் நீலம், அதுக்கு மேல பச்சை. அதாவது நம்பர் கம்மியானா ஆபத்து ஜாஸ்தி. எங்கப்பா செவப்ப மட்டும் பம்ப்செட் ரூம்ல மேல் பரண்ல வைப்பாரு, பச்சைய வாசப்படியிலயே வச்சிட்டு "இது சாதா மருந்துடா"ம்பாரு. பச்சைன்னா குடிக்கலாம்னு அர்த்தம் இல்லப்பான்னு சொன்னா கேக்கணுமே.

இப்ப வாக்கியம் மாத்தற வசதி. இதுக்குத்தான் 399 ரூபான்னு விளம்பரத்துல பெரிய எழுத்துல போட்டான். ஒரு நாள் சீனியர் ஒரு ஜட்ஜ்மென்ட் குடுத்து, இதுல முக்கியமான பாராவ தமிழ்ல போட்டுக் குடு தம்பி, பார்ட்டி கேக்கறாருன்னாரு. கிரிமினல் ஜட்ஜ்மென்ட்ல அடிக்கடி ஒரு வரி வரும், டிலே இன் லாட்ஜிங் த எஃப்.ஐ.ஆர் இஸ் நாட் ஃபேட்டல் டு த ப்ராசிக்யூஷன்னு. அன்னைக்கு பவர் கட், யூபிஎஸ் கத்திட்டு இருந்துச்சு, அவசரத்துல ஆப்ல போட்டு வந்தத அப்படியே டைப் பண்ணி நீட்டிட்டேன். வந்தது என்னன்னா: "முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வதில் ஏற்படும் தாமதம் அரசு வழக்கறிஞரின் உயிருக்கு ஆபத்தானது அல்ல."

சீனியர் கண்ணாடிய கழட்டி வச்சிட்டு ரொம்ப மெதுவா கேட்டாரு, "அப்ப பி.பி. சார் நல்லாத்தான் இருக்காரா தம்பி?" பி.பி.ன்னா பப்ளிக் ப்ராசிக்யூட்டர், அரசு வழக்கறிஞர்.

ஒரு வாரம் என்ன பாத்தா எல்லாரும் பி.பி. சார் சௌக்கியமான்னுதான் கேட்டாங்க. இந்த மாதிரி ஜட்ஜ்மென்ட் வரில அந்த வார்த்தைக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல, கேஸ் நிக்குமா விழுமாங்கறதுதான் விஷயம். "புகார் லேட்டா குடுத்தாங்கங்கறதுக்காக மட்டும் கேஸ் விழுந்துடாது"ன்னு எழுதுனா முடிஞ்சுது. கொஞ்சம் கெத்தா வேணும்னா "அரசுத்தரப்பு வழக்கை அடியோடு பாதிக்காது". சிவில்லயும் இதே கதைதான். பாகப்பிரிவினை கேஸ்ல கூடப் பொறந்த அக்காவ பார்ட்டியா சேக்காம விட்டா, அது அந்த கேஸுக்கு ஃபேட்டல்னு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு சொல்லுவாரு, அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது, கேஸுதான் காலி. நாமளும் பேச்சுல "கேஸ் செத்துப்போச்சு", "அந்த ஒரு பேப்பர் கேஸுக்கு உல வச்சிடுச்சு"ன்னுதான சொல்றோம், அது ஒண்ணும் ஆப் எழுதுனவருக்கு தெரியாத தமிழ் இல்ல, ஆனா அந்த அர்த்தமே லிஸ்ட்ல கெடையாது.

ஃபேட்டாலிட்டிக்கு "மரணம், விபத்து"ன்னு ரெண்டயும் ஒண்ணா போட்டது இன்னொரு கூத்து. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் விபத்துக் கணக்கு போடறாங்க. 2022ல நாடு முழுக்க நடந்த ஃபேட்டல் ஆக்சிடென்ட் 1,55,781. செத்தவங்க 1,68,491. ரெண்டு நம்பரும் ஒண்ணா இல்ல பாருங்க, ஏன்னா மொதல்ல இருக்கறது விபத்தோட எண்ணிக்கை, ரெண்டாவது ஆளோட எண்ணிக்கை, ஒரே கார்ல நாலு பேர் போயிட்டா அது ஒரு ஃபேட்டல் ஆக்சிடென்ட், நாலு ஃபேட்டாலிட்டி. இந்த ஆப்ப நம்பி மொழிபெயர்த்தா பன்னெண்டாயிரத்து சொச்சம் பேர் கணக்குலயே இல்லாம போயிடுவாங்க. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கைல மொத எடம் நம்ம தமிழ்நாடு, 64,105. எங்க ஆபீஸ் பீரோ ஏன் நெறஞ்சிருக்குன்னு இப்ப புரியுதுங்களா.

"சொல் வரலாறு"ன்னு ஒரு டேப் இருக்கு. சந்தா கட்டுனவங்களுக்கு மட்டும் திறக்கும். உள்ள போனா "லத்தீன்: ஃபாட்டும்"னு ஒரே வரி, அவ்ளோதான். இதுக்கு சீனியர் அலமாரில இருக்கற அட்ட கிழிஞ்ச தடி டிக்‌ஷனரி எவ்வளவோ மேல். ஃபாட்டும்னா லத்தீன்ல "சொல்லப்பட்டது", பேசறதுங்கற வினைலேர்ந்து வந்தது, சாமி வாயால சொல்லிடுச்சு, இனி மாத்த முடியாதுங்கற அர்த்தத்துல விதி. இங்கிலீஷுக்கு வந்தப்ப மொதல்ல "விதிப்படியான"ன்னுதான் இருந்துச்சு, சாவுங்கற அர்த்தம் அப்பறம்தான் ஏறுச்சு. அவங்களுக்கு சொன்னது, நமக்கு எழுதுனது, தலையெழுத்து. ஆனா ரெண்டும் போய் நிக்கற எடம் ஒண்ணுதான், எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தர் தவறிட்டா "விதி முடிஞ்சிடுச்சு"ம்பாங்க, செத்துட்டாருன்னு சொல்லவே மாட்டாங்க. விதிங்கற சொல்லு நம்மகிட்டயும் அதே வழியா நடந்து சாவுக்குத்தான் வந்து சேந்துருக்கு. இதப் படிச்சப்ப எனக்கு புல்லரிச்சுது, ஆப்புக்காரன் இத விட்டுட்டு ஒரு வரில முடிச்சிட்டானேன்னு கோவமும் வந்துச்சு.

இதே "விதிவசமான"தான் ஒரு நாள் என்ன மாட்டி விட்டுச்சு. லாரில கிளீனரா போன பையன், ஹைவேல நின்னு டயர் பாத்துட்டு இருந்தப்ப பின்னாடி வந்த வண்டி அடிச்சிடுச்சு. அவங்கம்மா கையெழுத்து போட வந்தாங்க, எழுத்துக்கூட்டி தமிழ் படிப்பாங்க, ஆபீஸ்ல கட்டு மேல ஒட்டுன சீட்டுல தமிழ்ல "ஃபேட்டல்"னு குமாஸ்தாண்ணன் எழுதி வச்சிருந்தாரு. "ஏனுங் தம்பி, பேட்டல்னு போட்டுருக்குதே, அப்டின்னா என்னங்?"ன்னாங்க. எனக்கு வாய் வரல. கைல இருந்த போன்ல அந்த பக்கம் தெறந்துதான் இருந்துச்சு, பதட்டத்துல எந்த பட்டனத் தொட்டேனோ, அந்த லேடி வாய்ஸ் முழு சத்தத்துல படிக்க ஆரம்பிச்சிடுச்சு, கொடிய, அழிவுதரும், விதிவசமான, மரணத்தைன்னு. நான் ஆஃப் பண்றதுக்குள்ள முக்காவாசி படிச்சிடுச்சு. அந்தம்மா அத அமைதியா கேட்டுட்டு, "ஆமாங் சாமி, விதிதானுங்"ன்னு சொல்லிட்டு பேனாவ வாங்கி கையெழுத்து போட்டாங்க. அன்னைக்கு செட்டிங்ஸ்ல போயி தானா படிக்கற வசதிய நிறுத்துனவன்தான், இன்னும் ஆன் பண்ணல. கட்டு மேல தமிழ் சீட்டு ஒட்டறதயும் நிறுத்தியாச்சு, நம்பர் மட்டும்தான்.

மத்த சொந்தக்கார வார்த்தைகள சுருக்கமா சொல்லிடறேன். டெட்லிய இவன் வினையுரிச்சொல்னு மட்டும் போட்டுருக்கான், கடைசில "லி" வந்தா எல்லாமே அதுதான்னு நெனச்சிட்டான் போல. டெட்லி வெப்பன்னா அங்க அது பெயரடை, எஃப்.ஐ.ஆர்ல "பயங்கர ஆயுதங்களுடன்"னு வருமே அந்த எடம். பசங்க "டெட்லி காம்போ"ங்கறதும் லிஸ்ட்ல இல்ல, அயர்லாந்துல அந்த வார்த்தைக்கு பேச்சுவழக்குல "சூப்பர்"னே அர்த்தம். நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல, கொலப்பசி, கொல மாஸ், சும்மா கொன்னுட்டான்யான்னு நல்லதுக்கும் சாவத்தான் கூப்புடறோம். மார்ட்டல் எனிமிக்கு "மரண எதிரி"ன்னு போட்டுருந்தான், அத பாத்து நானே சிரிச்சிட்டேன், ஜென்ம விரோதின்னு தமிழ்ல ஒரு சொல்லு இருக்குய்யா, அவன் சாவ வச்சு சொன்னத நாம பொறப்ப வச்சு சொல்றோம், அவ்ளோதான் வித்தியாசம். மார்ட்டல் ரிமெயின்ஸுக்கு "பூதவுடல்" மட்டும் கரெக்டா குடுத்துருக்கான். ரேபிஸுக்கு "கொடிய நோய்". அட, ஒத்தத் தலவலி கூட வந்தவனுக்கு கொடிய நோய்தான். ரேபிஸ்ல அறிகுறி தெரிய ஆரம்பிச்சிட்டா அப்பறம் பொழைக்கறது அநேகமா இல்லவே இல்ல, அதனாலதான் அந்த நோய்க்கு இங்கிலீஷ்ல ஃபேட்டல்னு எழுதறாங்க, நாய் கடிச்ச உடனே ஊசிக்கு ஓடணும்ங்கறதும் அதனாலதான், "கொடிய"ல அந்த அவசரம் வருதா?

எனக்கு ரொம்ப கடுப்பான விஷயம் இனிமேத்தான். ஃபீட்டல்னு ஒரு வார்த்தை இருக்கு, வயித்துல இருக்கற கரு சம்பந்தப்பட்டது. அமெரிக்கா ஸ்பெல்லிங்ல ஃபேட்டலுக்கும் இதுக்கும் ரெண்டாவது எழுத்து மட்டும்தான் வித்தியாசம், ஏக்கு பதிலா ஈ. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு ஓ சேத்து எழுதுவாங்க, கண்ணுக்குத் தனியா தெரியும். நம்ம ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரில ரெண்டும் வரும். டூவீலர்ல போயி விழுந்த ஒரு கர்ப்பிணியோட கேஸ், குழந்தைக்கு ஒண்ணும் இல்ல, ஸ்கேன் ரிப்போர்ட்ல ஃபீட்டல் ஹார்ட் ரேட் நார்மல்னு இருக்கு. நான் ஆப்ல டைப் பண்ணா அது "நீங்க தேடறது இதுவா"ன்னு கூட கேக்காம நேரா ஃபேட்டல் பக்கத்துக்கு கொண்டு போயி "அபாயகரமான இதயத்துடிப்பு இயல்பு"ன்னு குடுத்துச்சு. நல்லவேள, பி.பி. சார் சம்பவத்துக்கு அப்பறம் நான் எதயும் ரெண்டு தடவ படிக்காம நீட்டறதில்ல. டாக்குமென்ட் பாக்கறவங்க யாரும் இந்த எழுத்த மட்டும் மெஷின நம்பி விட்ராதீங்க.

நல்லது எதுவும் இல்லயான்னா இருக்கு. ஆஃப்லைன் உண்மைலயே ஆஃப்லைன், கோர்ட் ஹால்ல சிக்னல் சுத்தமா இல்லாத எடத்துல கூட டக்குனு வருது. எழுத்து பெருசாக்கலாம். சொன்ன மாதிரியே விளம்பரம் எதுவும் வரல. காய்கறி, மரம், பறவ பேரெல்லாம் பரவால்ல ரகம்.

மேல சொன்னதுல பாதிய லிஸ்ட் போட்டு கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பினேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி"ன்னு ரெண்டு நிமிஷத்துல பதில், மெஷின் போட்டதுதான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு அப்டேட் வந்துச்சு, ஆசையா தெறந்து பாத்தா நாலாவது அர்த்தம் மொத எடத்துக்கு வந்துருக்கு. "மரணத்தை விளைவிக்கக்கூடிய." கூடிய அப்படியே இருக்கு.

அஞ்சுக்கு ரெண்டரை. ஆட்டோபே நேத்தே கட் பண்ணிட்டேன், சந்தா இன்னும் நாலு மாசம் ஓடும். உங்களுக்கு வேற நல்ல ஆப் ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, சொல்றதுக்கு முன்னாடி அதுல ஃபேட்டல்னு ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க.